இடது முள்

பிப்ரவரி 3, வியாழன்

காலையில் பனி, பத்து மணிக்குள் நல்ல வெயில். பி.யு.சி. பிள்ளைகளுக்குக் கரப்பான் அறுவை. பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

மதியம் ஆய்வகத்தில் தனியாக. நாணல் தத்துப்பூச்சி, ஒரே ஒரு ஆண். போன மாதம் செவிலிமேட்டுப் பாலாற்றங்கரையில் வலையில் வந்தது. கூடவே பெண்கள் நிறைய. பெண்களைக் கொண்டு இனம் சொல்வதில்லை. இந்தத் துறையின் வழக்கம் அது. இதைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு, இங்கே வேண்டாம்.

வர்ணனை, இதுவரை:

அரிசியில் பாதி நீளம். காய்ந்த நாணலின் நிறம். தலை மழுங்கல், முன்விளிம்பில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். புள்ளிகளுக்கு வெளிப்பக்கம் தனிக்கண்கள், கண்ணாடி மணிபோல. முன்சிறகின் நுனியில் ஒரு அறை மட்டும் புகை படிந்த மாதிரி. பின்கால் நெடுக முள் வரிசை. அது தத்துப்பூச்சிக் குடும்பம் முழுவதற்கும் உள்ளது, புதிதில்லை.

வெளியே பார்த்தால் இதே சாயலில் எத்தனையோ. வயிற்றை வெட்டினால்தான் யார் என்று தெரியும். வெட்டினேன். பொட்டாஷ் காரக் கரைசலில் வேகவைத்ததில் சதை கரைந்து ஓடு மட்டும் தெளிவாக நின்றது. கிளிசரின் சொட்டில் வைத்து ஊசியால் பிரித்தேன். ஆண் உறுப்பு கொக்கின் கழுத்துப்போல் வளைந்து, நுனியில் இரண்டு முள். வலது முள் நேர். இடது முள் இரண்டாகக் கிளைத்திருக்கிறது.

நாணலில் வாழும் பழைய இனம் ஒன்று உண்டு. அதில் இரண்டு முள்ளும் நேர். கிளைத்த முள் நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புதிய இனம்.

துறைத்தலைவர் வ. சாரிடம் சொல்லவில்லை. மீன் ஒட்டுண்ணிக் கட்டுரையை நான் மறக்கவில்லை. படங்கள் அத்தனையும் நான் வரைந்தவை, அச்சில் அவர் பெயர் மட்டும். “அடுத்ததுல பாத்துக்கலாம்மா” என்றார். அந்த அடுத்தது இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 5, சனி

கரண்ட் இல்லை. நுண்ணோக்கியின் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து வரைந்தேன். வலது முள் முடிந்தது. இடது முள்ளில் இருக்கும்போது பின்னால் செருமல். வ. சார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முட்டிவலிக்காரர் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்க வேண்டாமா?

“என்னம்மா, இடது பக்கம் பிளந்த மாதிரி போட்டிருக்கீங்க?”

“பிளந்துதான் சார் இருக்கு.”

குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஒரு முள்ளைப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டாம்.

“வெட்டறதுக்கு முன்னாடி வயிறு உப்பலா இருந்துதா?”

“கவனிக்கல சார்.”

“உள்ள ஈப்புழு இருந்தா உறுப்பு கெட்டுப்போகும். இது பழைய இனமாவே இருக்கலாம். சீக்கு புடிச்ச ஒண்ண வெச்சிக்கினு புதுப் பேரு கொடுத்து, அப்புறம் தலைகுனிஞ்சவங்க எத்தனையோ பேரு.”

எனக்கும் தெரியும். பெரிய தலை ஈ ஒன்று உண்டு, தத்துப்பூச்சிக் குஞ்சின் வயிற்றில் முட்டை வைக்கும். பூச்சி வளரும், புழுவும் உள்ளேயே வளரும், வெளியே ஒன்றும் தெரியாது. இருந்ததா என்று இப்போது எப்படிச் சொல்வது? பொட்டாஷ் சதையைக் கரைக்கும்போது உள்ளே குடியிருந்தவனையும் சேர்த்துத்தான் கரைத்திருக்கும். இனத்தைக் கண்டுபிடிக்கச் செய்த வேலையே சாட்சியை அழித்துவிட்டது.

“ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதா? எங்க புடிச்சது?”

“ஆத்துப் பக்கம் சார்.”

“செவிலிமேடா?”

நான் ஊர்ப் பெயர் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

வாங்க வேண்டியது: கிளிசரின், அந்துருண்டை, வீட்டில் இவருக்கு இருமல் மருந்து, துவரம்பருப்பு.

பிப்ரவரி 8, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. இரண்டு விதமாகவும் யோசித்தாயிற்று. அவர் சொன்னது உண்மையானால் என் பூச்சி ஒரு நோயாளி, புது இனம் எதுவும் இல்லை. பொய்யானால், என்னைத் தயங்க வைத்துவிட்டுத் தான் முந்திக்கொள்ளப் பார்க்கிறார்.

காலையில் வீட்டில் இவரிடம் சொன்னேன். தாலுகா ஆபீசில் நாளெல்லாம் பட்டா தகராறு பார்க்கிறவர், எதற்கும் அசரமாட்டார். “ஒனக்குப் பூச்சி மேல சந்தேகமா, மனுஷன் மேல சந்தேகமா? ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணு சரசு.” பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாவிடம் பட்டு இழை கேட்டேன். அவர்கள் வீட்டில் தறி நின்று பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒத்த எழ போதும் கண்ணம்மா. கண்ணுக்குத் தெரியக்கூடாது.”

“பட்டுன்னா பளிச்சுனு தெரியணும்னு கேக்கறவங்களதான் பாத்துக்கீறேன். எதுக்குமா?”

“பூச்சிப் பெட்டிக்கு.”

“அடி ஆத்தே! நெய்யிற எங்களுக்குக் கட்டிக்க ஒரு பட்டு இல்ல, ஒங்க பூச்சி கட்டிக்கினு கீது.”

உள்ளே தறிப் பள்ளத்திலிருந்து அவள் புருஷன்: “பார்டர் வேணுமான்னு கேளு.”

சிரித்துவிட்டேன். வாங்கி வந்தேன். மாலை ஆய்வகத்திலிருந்து கிளம்பும்போது பூச்சிப் பெட்டியின் மூடிக்கும் அடிக்கும் குறுக்கே அந்த இழையைக் கோந்தால் ஒட்டினேன். சாய்த்துப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. யாராவது திறந்தால் அறுந்துவிடும்.

பிப்ரவரி 9, புதன்

இழை அறுந்திருக்கிறது.

உள்ளே எல்லாம் வைத்தபடி. ஆணை ஒட்டிய முக்கோண அட்டை, அதே ஊசியில் அதன் உறுப்பு போட்ட கிளிசரின் குழல், எல்லாம். ஆனால் ஊசி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த மாதிரி. முன்பே சாய்ந்திருந்ததா? சத்தியம் செய்ய முடியாது.

அட்டெண்டர் பெருமாளைக் கேட்டேன்.

“நான் தொடலம்மா. அந்த நாத்தம் எனக்கு ஆவாது. சார்தான் நேத்து சாயங்காலம் நீங்க போனப்புறம் உள்ள ஒக்காந்துக்கினு இருந்தாரு.”

“எவ்வளவு நேரம்?”

“எனக்கு இன்னாமா தெரியும்? லென்சு வெச்சிக்கினு பாத்துக்கினே இருந்தாரு. இன்னிக்கி லீவு போட்டுக்கீறாரு. காலைல செவிலிமேட்டு பஸ்சுல பாத்தேன். மடியில குழாயி, டப்பா. இன்னா சார் மீன் புடிக்கவான்னேன். ஆமான்னாரு.”

மீனுக்கு இல்லை, என் பூச்சிக்குத்தான் போயிருக்கிறார்.

கடைத்தெருவில் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். இரண்டு சாவி. இரண்டும் என் பர்சில்.

பிப்ரவரி 11, வெள்ளி

வாசல் தெளித்துவிட்டு வருவதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம்.

மூன்றாம் பாட மணியில் வ. சார் வந்து மேஜையில் ஒரு சிறு குப்பி வைத்தார். சாராயத்தில் தத்துப்பூச்சிகள். லென்சில் பார்த்தேன். அதே தலைப்புள்ளிகள், அதே புகைச் சிறகு. எல்லாம் ஆண்.

“ஒண்ண வெச்சிக்கினு எதையும் சொல்ல முடியாதும்மா. அதான் போனேன். முட்டி மடங்கல, வலை வீச முடியல. தண்டுல சும்மா ஒக்காந்திருந்ததையெல்லாம் குழாயில உறிஞ்சிட்டேன். நான் வெட்டல. நீங்களே வெட்டுங்க.”

“பெட்டியத் தொறந்தீங்களா சார்?”

“தொறந்தேனே. சிறகு எப்படின்னு பாத்துக்காம எதத் தேடறது?” என்னமோ நான்தான் விளங்காததைக் கேட்ட மாதிரி. பிறகு பூட்டைப் பார்த்தார். போய்விட்டார்.

நன்றி சொன்னேனா? நினைவில்லை.

பிப்ரவரி 12, சனி

அரை நாள் கல்லூரி. மதியத்துக்கு மேலும் இருந்தேன். பெருமாள் சாவியை ஆட்டிக்கொண்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்தான்.

குப்பியிலிருந்து முதல் ஆண்: வெட்டி, வேகவைத்து, பிரித்தேன். இரண்டு முள்ளும் நேர். இரண்டாவது: நேர். மூன்றாவது: நேர்.

என் இனம் இல்லை. பிறகு கோபம். எங்கே பிடித்தாரோ? பழைய இனத்தைப் பொறுக்கிக் குப்பியில் போட்டு, இதுதான் உன் பூச்சி, உன்னுடையது சீக்குப்பிண்டம் என்று காட்டுகிறாரா? ஆனால் புகைச் சிறகு? பழைய இனத்துக்கு அது கிடையாது. நிறத்தை நம்பக்கூடாதென்று அவரே சொல்வார்.

அவர் பேச்சைத் தப்பென்று காட்டவேண்டும் என்றுதான் நான்காவதை வேகவைக்காமல் அப்படியே பிரித்தேன். அவர் கொண்டுவந்தவற்றின் வயிற்றில் புழு இருக்கிறதா, பார்த்துவிடலாம் என்று.

இருந்தது. வெள்ளைப் புழு. வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்டு, குடலை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு.

ஐந்தாவது: புழு. முள் நேர். ஆறாவது: புழு. நேர்.

ஏழாவதில் புழு மிகச் சிறியது. இடது முள்ளில் ஒரு புடைப்பு. கிளைக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோன கிளை.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் தலைகீழாக நினைத்திருக்கிறோம். கிளை நோயால் வந்ததில்லை, நோய் வந்தால் கிளை வளர்வதில்லை. குப்பியில் இருந்தவை எல்லாம் சீக்கு. அது ஏன் என்று வீட்டுக்கு வரும் வழியில், பூக்கடை எதிரில், சட்டென்று தெரிந்தது. அவரால் வலை வீச முடியவில்லை. தண்டில் சும்மா உட்கார்ந்திருந்ததைத்தான் பிடித்தார். வயிற்றில் அவ்வளவு பெரிய புழுவை வைத்துக்கொண்டு எது தத்தும்? நல்லதெல்லாம் அவர் குனிவதற்குள் ஓடியிருக்கும்.

அப்படியென்றால் நாளை வலை வீசினால் கிளைத்த முள் உள்ளவை வரவேண்டும். வராவிட்டால் இதுவும் என் ஆசைக் கணக்கு.

பிப்ரவரி 13, ஞாயிறு

இவரையும் இழுத்துக்கொண்டு செவிலிமேடு. காலை இளவெயில், ஆற்றில் காற்று. நாணல் பாதியை அறுத்துவிட்டார்கள்! முசரவாக்கத்திலிருந்து வந்த பெண்கள் கூரைக்கென்று கட்டுக்கட்டாக. மிச்சம் நிற்பது ஒரு திட்டு.

“இன்னாமா புடிக்கிறீங்க?”

“பூச்சி.”

“பூச்சியா? எங்க ஊட்டுக்கு வாங்க, மூட்டப்பூச்சி மூட்ட கட்டித் தரேன்.” எல்லாரும் சிரிப்பு. இன்னொருத்தி இவரைக் காட்டி, “பாவம் அந்த மனுசன, இன்னா சொல்லி இட்டாந்தாங்களோ.” இவர் குடையைத் தோளில் வைத்துக்கொண்டு, “சினிமான்னு சொன்னாம்மா” என்றார்.

அந்தத் திட்டை மட்டும் கொஞ்சம் விட்டுவைக்கச் சொன்னேன். விட்டார்கள். தண்டை உலுக்கி, எழும்பித் தத்தியதை மட்டும் வலையில் வாங்கினேன். உட்கார்ந்தே இருந்தவற்றை வேறு குப்பியில்.

பன்னிரண்டு மணிக்கு வீடு. சோறு இவரே வடித்தார், குழைந்துவிட்டது. சமையல் மேஜையில் என் பழைய நுண்ணோக்கி.

தத்தியவை, முதலாவது: வயிற்றில் மஞ்சள் கொழுப்பு, புழு இல்லை. இடது முள் கிளை.

இரண்டாவது: புழு இல்லை. கிளை.

அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் கிளை.

உட்கார்ந்திருந்தவை: புழு, நேர். புழு, நேர்.

“சரசு, அழறியா?”

“கிளிசரின் கண்ணுல பட்டுடுச்சு.”

பிப்ரவரி 14, திங்கள்

தேரடிப் பக்கம் பந்தல் வேலை, பஸ் சுற்றிப் போயிற்று. தாமதம். கையெழுத்துப் போடும்போது பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார்.

வர்ணனையில் சேர்க்க: இடது முள் கிளைத்தது, நலமான ஆண்களில் மட்டும். புழு உள்ளவற்றில் கிளை குன்றும் அல்லது இராது. வேகவைக்கும் முன் வயிற்றைப் பிரித்துப் பார்க்கவும்.

வ. சாரிடம் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்தத் தடவை அவ்வளவு நேரமும் தேவைதான்.

“அப்ப நான் புடிச்சதெல்லாம் ஆஸ்பத்திரி வார்டு” என்றார். “உங்களுக்கு ஓடறத புடிக்கத் தெரியுது.” பிறகு, “கட்டுரைய நீங்க தனியாவே போடுங்க. எம் பேரு வேணாம்.”

மீன் ஒட்டுண்ணி ஞாபகம் வந்து சொன்னாரா? அல்லது வேறு ஏதாவது கேட்பதற்கு முன்னுரையா? முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

புழுவைப் பற்றிய பத்தியில் அவர் பெயரைப் போடுவேன். வயிறு உப்பலா என்று முதலில் கேட்டது அவர்தான்.

மாலை, பர்சிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். “பெட்டி சாவி சார், ஒங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்.” சரி என்று டிராயரில் போட்டுக்கொண்டார்.

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து, பெட்டியைப் பூட்டி, கண்ணம்மா கொடுத்ததில் மிச்சமிருந்த இழையை மூடியின் குறுக்கே ஒட்டினேன்.