டம்ளரை எடுத்த கை

என் கண்ணே கமலா,

உயிரோடு இருந்தபோது உன்னை ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் நாக்கு கூசத்தான் செய்கிறது.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்ப் பதினைந்து நாளாகிறது. நம் ஓசூர் லேபில் டாக்டர் உன் போட்டோவை மாட்டியிருக்கிறார். தினமும் உன் முகத்தில்தான் விழிக்கிறேன். செத்தும் என்னை விடமாட்டாயா?

பத்து வருஷமாக அங்கே வேலை பார்த்தவள் நான். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு பேரிகையிலிருந்து நேற்று வந்தவள் நீ. பெங்களூரிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பை அம்பாசிடரில் ஏற்றி வந்ததும் டாக்டர் யாரைக் கூப்பிட்டார்? உன்னை.

நோயாளியிடம் எடுத்த சதைத் துண்டைப் பரிசோதனைக்குத் தயார் செய்ய எனக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வேண்டும். நீ அதை அடுப்பில் வைத்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவாய். சதை வெந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாய். பாதிச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். வீட்டிலோ அத்தை, "சின்னவளப் பாத்துக் கத்துக்கடி" என்பார். எனக்கு வயிறு எரியாதா?

அன்றைக்கு எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுப் போன் பேசப் போனாய். நான் டம்ளரை எடுத்து என் மேஜையில் வைத்தேன். தெரிந்தேதான் செய்தேன். நீ ஓடி வந்து, கதவைத் திறந்து பார்க்காமலே பட்டனைத் தட்டினாய்.

அது காவேரிப்பட்டினத்து அம்மா ஒருவரின் மார்புக் கட்டி. வெந்த சதையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மறுபடியும் கத்திக்குப் படுத்தார். சாதாரணக் கட்டிதான் என்று தெரியும்வரை அவர் தூங்கியிருப்பாரா?

டாக்டர் கத்தினார். நீ என் மேஜையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நான்தாங்க சார் தண்ணி வெக்க மறந்துட்டேன்" என்றாய். அடுப்பு என் கைக்கு வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து நீ, "அக்கா, சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாய். ஏன் கமலா, ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா?

துக்கத்துக்கு வந்த டாக்டர், "அந்த ஒரு தப்பத் தவிர கமலாகிட்ட ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

நாளைக்கு உன் காரியம். டாக்டரும் வருகிறார். எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன், உன்மேல் சத்தியம். என்னைக் காறித் துப்புவார்கள், துப்பட்டும். ஆனால் உன்னை இன்னும் ஒரு படி மேலே தூக்கி வைப்பார்களே, அடிப் பாவி, அதைத்தான் எப்படித் தாங்கப்போகிறேனோ!

உன் மூத்த ஓரகத்தி,
லட்சுமி