நாய் மட்டும்தானே சாகிறது?

மார்ச் 4, புதன்

கடையில் கூட்டம் குறைவு. ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது பதிப்பகத்திலிருந்து எடிட்டர் அம்மா அழைத்தார். நாவல் அச்சுக்குத் தயாராகிறதாம். இப்போதெல்லாம் அவர்கள் புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு சிறு குறிப்புப் போடுகிறார்கள்: உள்ளே மனதைப் பாதிக்கும் விஷயங்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது. "உங்க கதைக்கு 'விலங்கின் மரணம்'னு போட்டுடறேன். வேற ஏதாவது இருக்கா? எழுதினவங்கதான் சொல்லணும்" என்றார்.

இல்லை என்றேன். கேட்ட மறு நொடியே சொன்னேன். யோசிக்காமல் சொன்னதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், பெரியவரின் வலது கண் லென்ஸை இடது பக்கத்துக்குத் தேய்த்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

மார்ச் 6, வெள்ளி

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். என் மடியில் இருப்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நாவலில் வருவது ஒரு நாய். பெயர் தூசி. ஒரு கணவன் மனைவி அதை வளர்க்கிறார்கள், அது நோய் கண்டு செத்துப்போகிறது, இருவரும் அதற்குப் பிறகு எப்படியோ வாழ்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். என் கணவரிடமும்.

தூசி நாயில்லை. எங்கள் வாண்டு. நாலு வயதில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த எங்கள் பெண். மருந்து வாங்கி வரச் சொன்னார்கள் என்று நான் கீழே போனேன். மருந்துக்கடையில் வரிசை நின்றது. திரும்பி மேலே வந்தபோது அறைக்கு வெளியே நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அவளோடு இருந்தது அவர் மட்டும். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது பூட்டிய அறை போல.

அந்த அறையைத்தான் நான் கள்ளச்சாவி போட்டுத் திறந்திருக்கிறேன். பதினேழாம் அத்தியாயம். மனைவி வெளியே போயிருக்கிறாள், கணவன் மடியில் நாய். அது முனகுகிறது, கடைசிவரை வாசலையே பார்க்கிறது, போனவள் வருவாளா என்று. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன்.

படிப்பவருக்கு அது நாய். அவருக்கு?

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். அவர் வீட்டில் இரண்டு நாய்கள், மூன்று பூனைகள். எந்தப் படமானாலும் முதலில் யாரையாவது பார்க்கவிட்டு, "அதுல ஏதாவது பிராணி சாகுதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பார்ப்பார். போன மாதம் யாரும் சொல்லாமல் ஒரு படத்துக்குப் போய், குதிரை செத்ததில் பாதியில் எழுந்து வந்தாராம். மனிதர்கள் வரிசையாகச் செத்ததெல்லாம் அவருக்குப் பரவாயில்லை.

"உன் நாய் கடைசியில பிழைக்குதா இல்லையா, இப்பவே சொல்லிடு" என்றார். முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் என் கணவர்தான் சிரித்துக்கொண்டே பேச்சை வாங்கிக்கொண்டார். முன்பக்கத்தில் எச்சரிக்கை போடப்போகிறார்கள் என்று நான் சொல்லியிருந்ததை அக்காவுக்கு விளக்கினார். "நாங்க லிஃப்ட் கதவைத் திறந்து வச்சு வேலை பார்க்கறப்ப பலகை மாட்டுவோம்ல, அந்த மாதிரி. யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு இல்ல. தெரியாம கால் வச்சுடக்கூடாது, அதான்."

பிறகு, கதையே படிக்காத அந்த மனுஷர், லிஃப்ட் கம்பெனி புத்தகத்தைத் தவிர வேறு எதையும் விரித்தறியாதவர், "இவ புத்தகத்தை மட்டும் ஒரு வரி விடாம படிக்கப்போறேன்" என்றார்.



மார்ச் 9, திங்கள்

திறந்த குழிக்கு முன்னால் பலகை மாட்டவேண்டியது என் பொறுப்பு. விழப்போவது யார் என்றும் தெரிகிறது. ஆனாலும் கை எழவில்லை.

மார்ச் 11, புதன்

எடிட்டர் அம்மா குறிப்பை நானே எழுதித் தந்தால் நல்லது என்கிறார். எழுதிப் பார்த்தேன். "இந்நூலில் துயரமான காட்சிகள் உள்ளன": சோப்பு உறையில் போடுகிற வாசகம் போல இருக்கிறது. "இளகிய மனம் கொண்டோர் தவிர்க்கவும்": இளகிய மனம் இல்லாதவர்கள் என் புத்தகத்தை வாங்கி என்ன செய்யப்போகிறார்கள்? கிழித்தேன்.

எடிட்டர் அம்மா ஒன்று சொன்னார். முன்பு அவர்கள் போட்ட ஒரு நாவலைப் பேருந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு பக்கம் வந்ததும் தாங்கமுடியாமல், இறங்கவேண்டிய இடம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டாராம். முன்னாலேயே சொல்லியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து படித்திருப்பேனே என்று பிறகு எழுதினாராம். படித்திருக்கமாட்டேன் என்று அவர் எழுதவில்லை. "அதுக்கப்புறம்தான் நாங்க இதை ஆரம்பிச்சோம். முகம் தெரியாத எல்லாருக்கும் எழுதாதீங்க. ஒரே ஒருத்தரை நினைச்சுக்கிட்டு எழுதுங்க" என்றார்.

அந்த ஒருத்தர் பக்கத்து அறையில் ஃபேன் ஸ்விட்சைக் கழற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு ஏதாவது, குழந்தை சம்பந்தமாக ஏதும் உண்டா என்று எடிட்டர் அம்மா மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். பொய்யில்லையே? கதையில் குழந்தையே கிடையாதே?

மார்ச் 14, சனி

அச்சுப்படி நேற்று வந்தது. திருத்துவதற்காக மேசையில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் காணோம்.

அவர் எடுத்துட்டுப் போயிட்டார். கருவிப் பையில வச்சு. நான் குளிச்சிட்டிருந்தப்ப. போன் பண்றேன், எடுக்கலை. எங்கேயோ ஒரு கட்டடத்துல லிஃப்ட் கூண்டு மேல நின்னுக்கிட்டிருப்பார். அந்த இடத்துல உட்கார்ந்து பதினேழைத் திறந்துட்டார்னா? கடவுளே, நான் ஏன் நேத்தே எடுத்து உள்ளே வைக்கலை?

மாலை:

வந்துவிட்டார். மதிய இடைவேளையில் கொஞ்சம் படித்தாராம். தூசி ஒற்றைச் சாக்ஸைத் திருடிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கும் இடம்வரை. "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். முகத்தில் வேறெதுவும் இல்லை. அல்லது எனக்குத் தெரியவில்லை.

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பதினேழாம் அத்தியாயப் பக்கங்களை உருவி எடுத்துவிட்டேன். பீரோவில், என் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. எச்சரிக்கை எழுத வக்கில்லை, ஒளித்து வைக்கத் தெரிகிறது.

மார்ச் 17, செவ்வாய்

சாப்பிடும்போது கேட்டார். "நடுவுல பக்கம் குறையுதே. அவங்க அனுப்பலையா?"

அங்கே ஏதோ திருத்தம் இருக்கிறது, வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். தலையாட்டினார். தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. பதினாறில் தூசி படுத்திருக்கிறது. பதினெட்டில் அதன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கிறார்கள்.

"செத்துட்டான், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மார்ச் 18, புதன்

கடையில் ஒரு பெண் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "எல்லாம் ரொம்பக் கிட்ட வந்த மாதிரி பயமா இருக்கு" என்றாள். போகப்போகப் பழகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். 

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு எனக்கே நம்பிக்கை இருக்காது.

வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பீரோவிலிருந்து பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "இதை நான்தான் எடுத்து வச்சேன். அவங்க அனுப்பிட்டாங்க. நீங்க படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இதுல இருக்கறது நாய் இல்ல."

துண்டில் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"சாக்ஸை ஒளிச்சு வைக்கறப்பவே. எந்த நாய் ஒத்தைச் சாக்ஸை மட்டும் பார்த்துத் திருடும்? அது வாண்டு பண்ற வேலை."

பக்கங்களை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினேன். பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. போய்ப் பார்க்கவும் தைரியம் இல்லை, நிற்கவும் முடியவில்லை.

அவராகவே வந்தார். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இப்படி நடக்கலைம்மா."

தன்னை விட்டுவிட்டுப் போனவளை அவள் தேடவில்லையாம். வாசலைப் பார்க்கவில்லையாம். முனகவும் இல்லையாம். வீட்டுக்குப் போகலாம், ஷூ மாட்டிவிடு என்று கேட்டாளாம். கட்டிலுக்குக் கீழே இருந்ததை எடுத்து இவர் மாட்டிவிட்டிருக்கிறார். அவசரத்தில் கால் மாற்றி. அவள் படுத்தபடியே காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு ஷூவே மாட்டத் தெரியல" என்று சிரித்தாளாம். சத்தமாக, வீட்டில் சிரிக்கிற மாதிரி. இவர் கழற்றிச் சரியாக மாட்டினாராம். அதற்குள் தூங்கிவிட்டாளாம். தூக்கம் என்றுதான் நினைத்தாராம்.

அவ்வளவுதான்.

"ஏங்க இத்தனை வருஷமா சொல்லல?" என்று கேட்டேன். கோபமா அழுகையா, எனக்கே தெரியவில்லை.

"நீ கேட்கல. நானா எப்படிச் சொல்றது? நீ கீழே மருந்துக்கு நிக்கற. இங்க அவ சிரிச்சான்னு சொன்னா, அதை நீ பார்க்கலையேன்னு காலம்பூரா நினைப்ப. அழுதான்னு பொய் சொல்லவும் மனசு வரல."

நான் மருந்து வரிசையில் நின்றதற்காக அவள் என்னைத் தேடிக்கொண்டே போனாள் என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

இருவரும் வேலைக்குப் போகவில்லை. அவள் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 23, திங்கள்

பதினேழை மாற்றி எழுதவேண்டுமோ என்று ஒரே குழப்பம். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி எப்படி அச்சடிப்பது? மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் அவரிடமே கேட்டேன். கருவிப் பையை அடுக்கிக்கொண்டே, "நாய்க்கு ஏது ஷூ? அப்படியே விடு" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். 

அது தூசியின் சாவு. அப்படியே இருக்கட்டும். இது எங்களுடையது.

ஆனால் முன்பக்கத்தை மாற்றினேன். எடிட்டர் அம்மாவை அழைத்து, குழந்தை உண்டா என்று கேட்டீர்களே, உண்டு என்றேன். அவர் எதுவும் துருவிக் கேட்கவில்லை. நான் வாசித்தேன்: "இந்தக் கதையில் ஒரு நாய் நோயுற்று இறக்கிறது. குழந்தையை இழந்தவர்களுக்குப் பதினேழாம் அத்தியாயம் கனமாக இருக்கும். தனியாகப் படிக்கவேண்டாம். படிக்காமல் விட்டாலும் கதை புரியும்."

"ஒரு எழுத்தும் மாத்தாம போட்டுடறேன்" என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

அச்சுக்குப் போய்விட்டது. எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. முன்குறிப்பைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்கள் என்னென்ன கேட்பார்கள்? உறவுக்காரர்கள்? கேட்டால் என்ன சொல்வது? அவரிடம் கேட்டால், "கேட்கட்டுமே" என்கிறார்.

மே 17, ஞாயிறு

புத்தகம் வந்து பத்து நாளாகப்போகிறது. நாத்தனாருக்கு ஒன்று அனுப்பியிருந்தோம். இன்று காலை அழைத்தார். போனை எடுத்தது என் கணவர்.

நான் அடுப்படியில் இருந்தேன். பேச்சிலிருந்து விஷயம் புரிந்தது. அக்கா முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பதினேழை மட்டும் தாண்டி மீதியெல்லாம் படித்திருக்கிறார். நாய்க்காகத் தாண்டவில்லையாம். குழந்தை என்று போட்டிருந்ததே, அதற்காக. நம்ம வாண்டுதானா என்று தம்பியைக் கேட்டிருக்கிறார் போல.

அவர் ஆமாம் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம்.

"அன்னிக்கு என்ன நடந்துதுன்னு உனக்கும் சொன்னதில்லல்ல? கேளு. ஷூ மாட்டி விடுன்னா. நான் கால் மாத்தி மாட்டிட்டேன்க்கா..."

அந்த இடத்தில் அவர் சிரித்தார். நான் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன்.