கழுத்தில் தொங்கிய தொப்புள்கொடி

என் ஆசை அம்மா,

உங்கள் பேத்தி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மூக்கு உங்களுடையது. எல்லோரும் உங்கள் மருமகன் பக்கத்துச் சாயல் என்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருப்பீர்களா?

சண்டையால் பாதை மூடிக் கிடந்ததால் உங்கள் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. பாதை கட், கரண்ட் கட், பாதிக் கதையில் போன் கட். இங்கே வெள்ளவத்தையில் எல்லாப் பிரிவுக்கும் அந்த ஒரு ஆங்கிலச் சொல்தான். இவளை என்னிலிருந்து பிரித்தபோது டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

"கொடி காய்ஞ்சு விழுந்தா எறிஞ்சு போடாத பிள்ளை, வெள்ளிக் கூட்டுக்குள்ள போட்டு வை" என்றீர்களே, கடைசியாகக் கதைத்தபோது. கொட்டாஞ்சேனைத் தட்டாரிடம் சின்னதாய் ஒரு கூடு செய்வித்தேன். பிள்ளைக்கு அரைஞாண் இன்னும் வாங்கவில்லை. தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் கறுப்பு நூலில் கோத்து என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். அது பார்ப்பவர்களுக்கு இயக்கப் பிள்ளைகள் கழுத்தில் கட்டும் சயனைட் குப்பியாகத் தெரியும் என்று எனக்கு ஓடவே இல்லை.

போன கிழமை, கிளினிக்கால் வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். என்னைத் தடவிப் பார்த்த பொலிஸ்காரியின் கை கழுத்தில் நின்றது.

"மேக்க மொகக்த?"

இது என்ன என்று கேட்கும்போதே அவள் முகம் வெளிறிவிட்டது. நான் வாய் திறக்க முன் பிள்ளையைப் பறித்து இன்னொருத்தியிடம் கொடுத்தாள். நூலை அறுத்தாள். ஆமிக்காரர் துவக்கை நீட்டினார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையும் மறந்துபோனது. பிள்ளை வீரிட்டாள். இனித் தரமாட்டார்கள் என்றே நினைத்தேன்.

மூடியைத் திருகினாள். காய்ந்த கறுப்புத் துண்டு உள்ளங்கையில் விழுந்தது. நான் பிள்ளையின் வயிற்றைக் கைநீட்டிக் காட்டினேன்.

அவள் அதையும் பிள்ளையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். துவக்கைத் தாழ்த்திவிட்டு எட்டிப் பார்த்த ஆமிக்காரன் ஒருவன், எல்லோருக்கும் இப்படி ஒன்று இருந்ததா என்று சிங்களத்தில் கேட்டான்.

"இல்லை, நீ மட்டும் மரத்தில காய்ச்சனி, மல்லி!" என்று அவளும் சிங்களத்தில், தன் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் ஏனோ தொப்பியைக் கழற்றினான். அந்தத் துண்டு வழியாகத்தானே அம்மா நான் தின்ற சோறு இவளுக்குப் போனது, இப்படி ஒன்றின் வழியாகத்தானே நீங்கள் தின்றது எனக்கு வந்தது? அறுத்துப்போட்ட ஒரு சருகு. அதன் முன்னால் அத்தனை துவக்குகளும் வாயடைத்து நின்றன. என்னுடைய கொடியை எங்கே வைத்தீர்கள்?

கூட்டை மூடி, பிள்ளையோடு சேர்த்துத் தந்தாள். "கழுத்தில போட்டுக்கொண்டு திரியாத, நங்கி. நான் பயந்துபோனன்" என்றாள், சொந்தத் தங்கையை ஏசுவதுபோல.

வீட்டில் இவர், "நீர் கம்பஸில என்னத்தைப் படிச்சனீர்?" என்று கத்தினார். பிறகு பிள்ளையின் தொப்புளையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் நீங்கள் கேட்கும்போதெல்லாம், "பயமொண்டும் இல்லை" என்றேன். ஷெல் சத்தத்துக்குள் நின்றுகொண்டு நீங்களும் அதையே சொன்னீர்கள். துவக்குகளுக்கு நடுவில் நின்ற அந்தப் பொலிஸ்காரியால் பயந்துபோனேன் என்று சொல்லமுடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை? உங்கள் பேத்தியிடம் நான் அப்படி மறைக்கமாட்டேன். பயந்தால் பயந்தேன் என்று சொல்லுவேன். பயந்துகொண்டே தூக்கி வைத்திருப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் கடைக்குட்டி,
உங்கள் பேத்தியின் அம்மா