நாசாரியோ பெயரில் ஒரு பிணம்

ஹுவாரெஸ்
10 மார்ச் 2010

அன்புத் தம்பி நாசாரியோவுக்கு,

நீ இறந்துவிட்டாய் என்று நேற்று எனக்குச் சொன்னார்கள்.

தொழிற்சாலையில் ஒயர் கோத்துக்கொண்டிருந்தேன். பிணவறையிலிருந்து போன் என்று மேற்பார்வையாளர் வந்து கூப்பிட்டார். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. முகத்தைக் காட்டவேண்டாம் என்று அங்கிருந்த குமாஸ்தாவே முடிவு செய்துவிட்டார். "சட்டைப் பையில வாக்காளர் அட்டை இருந்துச்சும்மா. உங்க தம்பி பேருதான்" என்றார். நான் துணியை விலக்கி இடது கெண்டைக்காலைப் பார்த்தேன். சின்ன வயதில் நாய் கடித்த தழும்பு அதில் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை. அவர் துக்கம் என்று எண்ணித் தண்ணீர் கொடுத்தார். "இன்னிக்கு வேணாம், திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க, போதும்." அது நீ இல்லை என்று சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

உன் அட்டை அந்த மனிதனிடம் எப்படிப் போனது?

உன் மகள் ஷிமேனா நலம். ஒரு பல் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். நீ போனதிலிருந்து எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்த கறுப்புக் கண்ணாடி வண்டியை நேற்றிலிருந்து காணோம்.

போனில் பேசாதே என்றாய், பேசவில்லை. எல்லைப் பாலம் தாண்டி உன் பக்கம் வீட்டு வேலைக்கு வருகிற சாயோ அக்காவிடமே பதில் கொடுத்தனுப்பு. நாலு கடிதத்துக்கு ஒரு பதில் என்கிற உன் வழக்கம் இந்த முறை வேண்டாம்.

உன் அக்கா,
ஒபெலியா


எல் பாசோ
12 மார்ச் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

என்னால் நீ பிணவறை வாசல் வரை போக நேர்ந்தது. மன்னித்துக்கொள். அட்டை எல்லை தாண்டும்போது எங்கோ விழுந்துவிட்டது. யாரோ எடுத்திருக்கிறான், பாவம்.

அக்கா, இறந்தது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுவிடு.

யோசித்துப் பார். ஜனவரியில் அந்தக் கும்பல்காரர்கள் நான் ஓட்டிய கம்பெனி பஸ்ஸை மறித்து அந்தப் பெண்ணை இறக்கியபோது நான் வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கவேண்டும். முகமூடிக்குள் இருந்தவனின் குரல் தெரிந்துவிட்டது. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். "ஹாசிந்தோ, நம்ம கம்பெனிப் பொண்ணுடா, விட்டுடுடா" என்று கெஞ்சினேன். அவள் திரும்பி வரவில்லை. அவன் பெயரை நான் சொன்னதை நாற்பது பேர் கேட்டார்கள். அன்றிலிருந்து என்னைத் தேடுகிறார்கள்.

நீ கையெழுத்துப் போட்டால் அந்தத் தேடல் முடிந்தது. வண்டி போய்விட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஷிமேனா பயமில்லாமல் பள்ளிக்குப் போகலாம். இங்கே கூரை வேலையில் என்னை ரூபன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஷிமேனாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
நாசாரியோ


ஹுவாரெஸ்
15 மார்ச் 2010

தம்பி,

இன்று போனேன். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். முதலில் பொருள்களைப் பார்க்கவேண்டும் என்றேன். ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். சீப்பு, மடித்த கால்சட்டை. அதன் இடுப்புப் பட்டையின் உள்பக்கம் மையால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. ஹோண்டுராஸ் நம்பர்.

வெளியே வந்து பொதுப் போனிலிருந்து கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். எத்தெல்வினா என்று பெயர்.

"ஹுவாரெஸ்லேருந்தா? என் வில்மர் கூட வேலை பாக்குறவளாம்மா நீ?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஒரு வாரமா கூப்பிடலையே, அவனைக் கொஞ்சம் திட்டும்மா. நல்ல வேலை கெடைச்சிருச்சுன்னு ஆட்டம். எல்லாம் ஒரு டிரைவர் தம்பி பண்ண புண்ணியம். விடுதியில பாத்தவராம், தன் அட்டையையே கழட்டிக் குடுத்துட்டாராம். எம்புள்ளைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட அங்க ஆள் இல்ல, ஆனா பத்திரமா இருக்கான். அந்தத் தம்பிக்குத் தெனமும் ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்."

எப்போது கொடுத்தார் என்று கேட்டேன். ஜனவரி இருபத்தெட்டு, அவன் பிறந்தநாள், அதனால் நினைவிருக்கிறது என்றாள்.

அவர்கள் உன் பெயரைக் கதவில் எழுதிவைத்து வீட்டைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போனது ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி.

வில்மரைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். கையெழுத்து வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் எனக்கு உண்மையை எழுது.

ஒபெலியா


எல் பாசோ
17 மார்ச் 2010

அக்கா,

அவன்தான் கேட்டான். நம் நாட்டுக்காரன் இல்லை என்று தெரிந்தால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தான். "ஆத்தைத் தாண்டப்போறீங்க, உங்களுக்கு இது எதுக்குண்ணே?" என்றான். அந்தப் பெயரை வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அந்தப் பெயரில் ஒருவன் அங்கே நடமாடினால் நான் போய்ச் சேரும்வரை அவர்கள் கண் அங்கேயே இருக்கும் என்று தோன்றியது. தோன்றியது என்று எழுதுகிறேன். நினைத்தேன் என்பதுதான் சரி.

கொல்வார்கள் என்று எண்ணவில்லை. பிடித்துப் பார்த்து, ஆள் மாறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்கு என் உயரம், அக்கா.

இனி அவன் திரும்பி வரப்போவதில்லை. உயிரோடு இருக்கும் ஷிமேனாவை நினைத்துப் பார். நான் செத்துவிட்டேன் என்றால் அவளைத் தொடமாட்டார்கள். என்னைத் திட்டு, காறித் துப்பு. வெள்ளிக்கிழமை கையெழுத்து மட்டும் போட்டுவிடு. உன் காலில் விழுகிறேன்.

நாசாரியோ


9 ஏப்ரல் 2010

நாசாரியோவுக்கு,

ஊர் பெயரை மேலே எழுதவில்லை. கவனித்திருப்பாய்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஷிமேனாவைக் கூட வேலை செய்யும் ஒருத்தியின் ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் பிணவறைக்குப் போனேன். "இவன் என் தம்பி இல்லை, பேர் வில்மர்" என்று சொல்லி, நம்பரைக் கொடுத்தேன். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா? இதை நான் எழுதிட்டா வெளிய தெரிஞ்சுரும்" என்றார். எழுதுங்கள் என்றேன். அதற்குப் பிறகு நான் வீட்டுக்குப் போகவே இல்லை. சாயோ அக்கா வீட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். வண்டி திரும்பவும் நிற்கிறதாம். நீயும் எல் பாசோவை விட்டுக் கிளம்பு.

எத்தெல்வினா போன வாரம் பிணவறைக்கு வந்தாள். ஒரு பாதிரியார் அழைத்துவந்தார். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நான் யார் என்று கேட்டாள். அட்டை கொடுத்தவனின் அக்கா என்றேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் காத்திருந்தேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பி நல்ல மனசோட செஞ்சாரு. இப்பிடி ஆகும்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? அவரு மனசு உடைஞ்சிரப் போகுது, பாத்துக்குங்க" என்றாள்.

தெரியாது என்று சொன்னேன். அவனுக்கு எதுவும் தெரியாது என்றேன்.

உனக்காக நான் செய்தது அதுதான், இனி எதுவும் இல்லை. அவள் மகனின் சவப்பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டாள். ஷிமேனா என்னோடு இருக்கிறாள், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். எங்கே என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. பதில் எழுதாதே. சாயோ அக்காவுக்கும் எங்கள் இடம் தெரியாது.

ஒபெலியா