செல்வியின் முகம்

2005 மாசி, வெள்ளி. அஜ்மான்.

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான், மகன் ரவி, மருமகள் மாலா, வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வந்த அரபி வீட்டுக்காரர்.

கண்டிப் பக்கத்து விகாரைத் தூணில் ஆடும் பெண்களைச் செதுக்கிய, அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சிங்களத் தச்சர், ஒருத்திக்கு என் மகள் செல்வியின் முகத்தை வைத்தார். அதே மாதிரி ஒரு பலகையும் எனக்குச் செய்து தந்தார். செல்வி செத்து இருபது வருஷம். ஒரு போட்டோ கூடக் கிடையாது. தச்சுவேலை பார்க்கும் ரவிதான் அந்தப் பலகையை ஹால் அலமாரிக் கதவில் பதித்தான்.

இன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் முகத்தை உளியால் சீவிவிட்டான்.

"முகம் இருந்தாத்தாம்மா அது சிலை, அவங்க மார்க்கத்துக்கு ஆகாது. அரபி பார்த்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான்."

"நான்தான் மாமி சொன்னேன்," என்றாள் மாலா.

"ஒரு துணியைப் போட்டு மூடத் தெரியலையா ரெண்டு பேருக்கும்?" என்றேன்.

வீட்டுக்காரர் டீ குடித்தார். ஆடும் கைகளைத் தடவி, "அச்சா, அச்சா," என்றார். பிறகு தன் முகத்தைத் தொட்டுக்காட்டி, "மாஃபி?", இல்லையா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாலா வேறு வீட்டுப் பெண், பயந்துவிட்டாள். உளியைப் பிடித்தவன் செல்வி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மன்னிக்கவே மாட்டேன், ரவியை.