ஏழு மணி மாத்திரை

அக்டோபர் 7, செவ்வாய்

இரண்டு மாதம் மாத்திரை விழுங்கியும் சளியில் டிபி கிருமி போகவில்லையாம். லேபர் கேம்ப் மேனேஜர் சேதுராமன் வாசலிலேயே நின்று, அடுத்த டெஸ்ட்டும் இப்படியே வந்தால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவோம் என்றார். நான் மாத்திரையைத் துப்பிவிடுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. தினமும் காலை ஏழு மணிக்கு கிளினிக் நர்ஸ் லீமா சிஸ்டர் வீடியோவில் பார்க்க, நாக்கைத் தூக்கிக் காட்டித்தானே விழுங்குகிறேன்?

சிஸ்டர் எனக்காகப் பேசியிருக்கிறார். "அவர் முழுங்குறத நான் கண்ணால பாக்கேன். மருந்து ரத்தத்துல எவ்வளவு சேருதுன்னு பாத்துட்டுப் பேசுங்க." என்னை நம்பவும் துபாய் ஜெபல் அலியில் ஓர் ஆள்.

அக்டோபர் 9

தினமும் காலையில் எப்படி இருப்பேனோ அப்படியே வரச் சொன்னார்கள். வழக்கம்போலவே போனேன். கிளினிக்கில் மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி.

அக்டோபர் 14

ரத்தத்தில் மருந்து வேண்டியதில் பாதிகூட இல்லை. காலையில் என்ன சாப்பிடுகிறேன், எப்போது என்று சிஸ்டர் கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி... சொல்லவில்லை.

பழைய ரூமில் என்னோடு இருந்த கலீலுர் ரஹ்மான் பாய், என்னை இந்தத் தனி அறைக்கு மாற்றியதிலிருந்து தினம் ஆறரைக்குக் கதவோரம் டப்பா வைக்கிறார். நெய் பரோட்டா, இரண்டு முட்டை. "வெறும் வயித்துல மாத்திரை போடாதய்யா, குடல் வெந்துரும்." எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"வெறும் வயித்துலன்னு நான் முதல் நாளே சொன்னேன்லா?" என்றார் சிஸ்டர்.

சொன்னார்தான். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராதாம். இனி மாத்திரை முதலில், ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. அவ்வளவுதான்.

அக்டோபர் 15

பாயிடம் எப்படிச் சொல்வேன்? நீங்கள் ஆசையாக ஆக்கிப் போட்டதுதான் கெடுத்தது என்றா?

அக்டோபர் 16

போனில் சொல்லிவிட்டேன். பாய் கேட்டார்: "அப்ப எத்தன மணிக்குக் கொண்டாரணும்?"

அழுதுவிட்டேன்.

அக்டோபர் 28

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மருந்து வேண்டிய அளவு இருக்கிறது. சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சாப்பாட்டைப் பற்றி முன்பே கேட்காதது தன் தப்பும்தான் என்றார். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

நவம்பர் 28

இரண்டு முறை பார்த்தும் சளியில் கிருமி இல்லை. சேதுராமனே வந்து கைகொடுத்தார். பெட்டியோடு பழைய ரூமுக்கு வந்தாயிற்று. மாத்திரை இன்னும் சில மாதம்.

நவம்பர் 30, ஞாயிறு

ஏழு மணிக்கு மாத்திரை போட்டேன். எதிர்க் கட்டிலில் பாய். நடுவில் மூடிவைத்த இரண்டு தட்டு. நீங்க சாப்பிடுங்க பாய், ஆறிடும் என்றேன்.

"எட்டு ஆவட்டும்" என்றார்.

இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு நல்ல பசி.