நீங்கள் அடிக்கும் விசில்

இஞ்சேருங்கோ,

நீங்கள் வேலைசெய்த ஆட்டுப்பண்ணையிலிருந்து கூட்டிவந்த, ஆடு மேய்க்கும் ஸ்கொட்லாந்து நாய் என் பேச்சை மதிப்பதேயில்லை. அதற்கு உங்கள் விசில் மட்டும்தான் புரியும்.

நேற்று நோபல் பார்க் மைதானத்தில் கிரிக்கெட் விளையாடிய பிள்ளைகளை ஆடுகளென்று நினைத்து ஒரு மூலைக்கு ஓட்டிச் சாய்த்துவிட்டது. "அன்ரி, நாயைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தினார்கள்.

"பொம்பிளைப்பிள்ளை விசிலடிக்கிறதோ?" என்று அம்மாவிடம் அடிவாங்கிய வாய் இது. என்ன செய்ய? குவித்து ஊதினேன். முதலில் வெறும் காற்றுத்தான். மூன்றாவது தடவை, 'வேலை போதும், திரும்பி வா' என்று நீங்கள் அடிக்கும் அந்த நீண்ட விசில் வந்தது. ஓடிவந்து காலடியில் படுத்துக்கொண்டது.

உங்களுக்குப் பேச்சு வர நாளாகும் என்கிறார் டொக்டர். அவசரமில்லை, ஆறுதலாக வரட்டும்.

ஞாயிறு உங்கள் வார்ட்டு யன்னலுக்குக் கீழே நின்று அதே விசிலை அடிப்பேன். நாய் என் பக்கத்தில்தான் நிற்கும். விசில் அதற்கில்லை.

உங்கள் வீட்டுக்காரி